கோடை நேரமா, குளிர்கால நேரமா: கடிகார மாற்றத்தை நிறுத்தினால் எதில் நிற்பது?

காலைவெயில் (கேள்வி)

வணக்கம் உறவுகளே. இடம் ஜெர்மனி, வேலை முதியோர் இல்லத்தில் பணிப்பட்டியல் போடுவது. இங்கே மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிக் கோடை நேரத்துக்கும், அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஒரு மணி பின்னே இழுத்துக் குளிர்கால நேரத்துக்கும் மாறுகிறோம். அந்த நாட்கள் நெருங்கினாலே "இதை எப்போதுதான் நிறுத்துவார்கள்" என்ற பேச்சு எழுகிறது. 2025 அக்டோபரில் ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சான்செஸ் இதை மறுபடி கிளப்பினார். விவரம் தெரிந்தவர்களிடம் கேட்க நான்கு விஷயம் இருக்கிறது.

நிறுத்தச் சொல்லி ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-இலேயே வாக்களித்துவிட்டது என்கிறார்கள். பிறகு ஏன் இன்னும் நடக்கிறது? ஜெர்மனி மட்டும் தனியாக நிறுத்திக்கொள்ள முடியாதா?

நிறுத்தினால் எந்த நேரத்தில் நிற்பது நல்லது? பேச்சுக்கு எடுத்தால் எல்லாரும் "கோடை நேரமே இருக்கட்டும்" என்கிறார்கள்.

நிறுத்தும்வரை, அந்த இரண்டு இரவுப் பணிகளிலும் எதை எதைக் கவனிக்க வேண்டும்? ஊதியம், ஓய்வு நேரம், மருந்து, பதிவேடு எல்லாம்.

நிறுத்திவிட்டால் சுவர்க் கடிகாரம், ஹீட்டர், கணினி இவற்றில் எது தானாகச் சரியாகும், எதைக் கையால் மாற்ற வேண்டும்?

---

கிழக்குத்தீர்க்கம்

தனியாக முடியாது. 2000/84 என்ற ஐரோப்பிய ஆணை இன்றும் நடப்பில் இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு, இரண்டிலும் உலக நேரம் (யுடிசி) 1 மணிக்கு மாற வேண்டும் என்று அது உறுப்பு நாடுகள் எல்லாவற்றையும் கட்டுகிறது. அந்த ஆணையை நீக்காமல் பெர்லின் எதுவும் செய்ய இயலாது.

2018 ஜூலை 4 முதல் ஆகஸ்ட் 16 வரை ஐரோப்பிய ஆணையம் இணையத்தில் மக்கள் கருத்தைக் கேட்டது. 46 லட்சம் பதில்கள் வந்தன. 84 சதவீதம் நிறுத்தச் சொன்னது. ஆனால் அந்தப் பதில்களில் ஏறக்குறைய 70 சதவீதம் ஜெர்மனியிலிருந்து மட்டும் போனவை. அதை "ஐரோப்பாவின் தீர்ப்பு" என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஆணையம் முன்மொழிவை வைத்தது. 2019 மார்ச் 26-இல் நாடாளுமன்றம் 410-க்கு 192 என்ற வாக்கில் ஏற்று, 2021-ஐக் கெடுவாக வைத்தது. ஆனால் உறுப்பு நாட்டு அமைச்சர்களின் அவையும் ஒப்ப வேண்டும். அங்கே பொது நிலைப்பாடு உருவாகவே இல்லை. மாற்றத்தை நிறுத்துவதில் பலருக்குத் தடையில்லை. ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி ஒரு நேரத்தைத் தேர்ந்தால் எல்லை தாண்டும்போதெல்லாம் ஒரு மணி மாறுமே என்பதுதான் பயம்.

அந்தப் பயத்துக்குச் சான்று 1980. கோடை நேரச் சட்டத்தை 1978 வாக்கெடுப்பில் சுவிஸ் மக்கள் தோற்கடித்தார்கள். விவசாயிகளின் எதிர்ப்பு பெரிது. 1980-இல் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் கோடை நேரத்துக்குப் போயின. பிரான்ஸும் இத்தாலியும் முன்பே அதில் இருந்தன. அந்தக் கோடை முழுக்க நடுவில் சுவிஸ் மட்டும் ஒரு மணி பின்தங்கி நின்றது. மறு ஆண்டே அதுவும் சேர்ந்துகொண்டது. சுற்றிலும் சுவிஸ் மண் சூழ்ந்த பூசிங்கன் என்ற ஜெர்மன் ஊர் 1980-இல் சொந்த நாட்டோடு மாறாமல் சுவிஸ் நேரத்திலேயே இருந்தது. அந்த ஒரு கோடைக்காக இன்றும் உலகக் கணினிகளின் நேர மண்டலப் பட்டியலில் பூசிங்கனுக்குத் தனிப் பெயர் இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு முதலில் வரைபடத்தைப் பாருங்கள். மத்திய ஐரோப்பிய நேரம் 15 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. அது ஜெர்மனி–போலந்து எல்லையில் கோர்லிட்ஸ் நகர் வழியாகப் போகிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். வார்சா 21 பாகை கிழக்கில் இருப்பதால் குளிர்காலத்தில் அங்கே உச்சிவெயில் சுமார் 11:36-க்கு. ஸ்பெயினின் மேற்குக் கரையில் வீகோ கிட்டத்தட்ட 9 பாகை மேற்கு. அங்கே உச்சி குளிர்காலத்தில் 1:35, கோடை நேரத்தில் 2:35. இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம். 1940-இல் பிராங்கோ ஆட்சி ஸ்பெயினை கிரீன்விச் நேரத்திலிருந்து எடுத்து மத்திய ஐரோப்பிய நேரத்தில் வைத்தது, இன்றுவரை திரும்பவில்லை. ஸ்பெயின்காரர்கள் இரவு 10 மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்று வியப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது பெர்லின். டிசம்பர் 21-இல் சூரியன் 8:15-க்கு எழுந்து 15:54-க்கு மறைகிறது. ஜூன் 21-இல் 4:43-க்கு எழுந்து 21:33-க்கு மறைகிறது. நிரந்தரக் கோடை நேரம் என்றால் டிசம்பர் விடியல் 9:15. நிரந்தரக் குளிர்கால நேரம் என்றால் ஜூன் விடியல் 3:43. வீகோவில் இப்போதே டிசம்பரில் 9 மணியை ஒட்டித்தான் விடிகிறது; நிரந்தரக் கோடை நேரத்தில் அது 10 ஆகும். வார்சாவில் ஜூனில் 4:14-க்கு விடிகிறது. நிரந்தரக் குளிர்கால நேரத்தில் 3:14. இந்த எண்களைப் பார்க்காமல் கை தூக்கச் சொன்னால் எல்லாரும் கோடைக்குத்தான் கை தூக்குவார்கள். அவர்கள் மனதில் இருப்பது வெயில்தானே தவிர கடிகாரம் இல்லை.

---

நாடித்துடிப்பு

என் பதில் தெளிவு: நிறுத்த வேண்டும், குளிர்கால நேரத்தில் நிற்க வேண்டும்.

காரணம் உடலின் உள்கடிகாரம். மூளையில் கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் சிறு நரம்புக் கொத்து அதை நடத்துகிறது. பெரும்பாலானோருக்கு அதன் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடம் நீளம். சும்மா விட்டால் நாளுக்கு நாள் பிந்தும். அதை இழுத்து நிறுத்துவது காலை வெளிச்சம். மாலை வெளிச்சம் நேர்மாறாக அதைப் பின்னுக்குத் தள்ளும், தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனின் சுரப்பு தாமதமாகும், தூக்கம் பிந்தும். நிரந்தரக் கோடை நேரம் காலையில் வெளிச்சத்தைக் குறைத்து மாலையில் கூட்டுகிறது. அதாவது இரண்டு பக்கத்திலும் தவறான திசை. வேலையும் பள்ளியும் தொடங்கும் மணி மாறாததால் அந்த இழப்பு முழுவதும் தூக்கத்திலிருந்துதான் போகும்.

இதை நேர மண்டல எல்லைகளிலேயே அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எல்லைக்கோட்டின் இரு பக்கமும் சூரியன் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மறைந்தாலும், ஒரு பக்கக் கடிகாரம் ஒரு மணி கூடுதலாகக் காட்டும். அப்படிக் கடிகாரப்படி சூரியன் பிந்தி மறையும் பக்கத்தில் வாழ்பவர்கள் சராசரியாக 19 நிமிடம் குறைவாகத் தூங்குகிறார்கள் என்று 2019-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வருடம் முழுக்க, ஒவ்வொரு இரவும். மார்ச் மாதத்து ஒரு நாள் சிரமத்தைவிட இது பெரிது என்பதே என் எண்ணம். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2020-இல் நிரந்தர நியம நேரத்தையே, அதாவது குளிர்கால நேரத்தையே ஆதரித்து அறிக்கை வெளியிட்டது.

மாற்ற நாளின் அதிர்ச்சியும் உண்மைதான். வசந்தகால மாற்றத்துக்குப் பின் முதல் வாரத்தில் மாரடைப்பு சுமார் 5 சதவீதம் கூடுவதை 2008-இல் சுவீடன் தரவு காட்டியது. அமெரிக்காவில் அதே வாரத்தில் உயிர்ப்பலி விபத்துகள் 6 சதவீதம் கூடுவதாக 2020-இல் ஒரு கணக்கு வந்தது. மிகைப்படுத்தவும் வேண்டாம்: மிச்சிகன் மருத்துவமனைத் தரவில் மாற்றத்துக்கு அடுத்த திங்களன்று மாரடைப்பு 24 சதவீதம் ஏறினாலும் அந்த வாரக் கூட்டுத்தொகை மாறவில்லை. எப்படியும் வரவிருந்தது சில நாள் முந்தி வருகிறது என்று அதைப் படிக்கலாம்.

நிரந்தரக் கோடை நேரம் புதிய யோசனையும் அல்ல. பிரிட்டன் 1968 முதல் 1971 வரை வைத்துப் பார்த்தது. ஸ்காட்லாந்தில் காலை பத்து மணியை நெருங்கித்தான் விடிந்தது; நாடாளுமன்றம் கைவிட்டது. அமெரிக்கா 1974 ஜனவரி 6-இல் தொடங்கியது. பிள்ளைகள் கும்மிருட்டில் பள்ளிப் பேருந்துக்கு நிற்க, ஆதரவு சரிந்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். ரஷ்யா 2011-இல் தொடங்கி, 2014 அக்டோபர் 26-இல் குளிர்கால நேரத்துக்குத் திரும்பியது.

உங்கள் இல்லத்துக்கு ஒரு குறிப்பு. நினைவு குன்றியவர்களுக்கு ஒரே நாளில் ஒரு மணி மாற்றாதீர்கள். ஞாயிறுக்கு முன் நான்கு நாள், சாப்பாட்டையும் படுக்கையையும் நாளுக்கு 15 நிமிடம் நகர்த்துங்கள். மார்ச்சில் முன்னுக்கு, அக்டோபரில் பின்னுக்கு. மார்ச் மாற்றத்துக்குப் பின் ஒரு வாரம் காலை உணவை ஜன்னலோரம் வையுங்கள். முடிந்தால் அரை மணி வெளியே அழைத்துப் போங்கள். அறை விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ் (வெளிச்ச அளவின் அலகு) தான். மேகமூட்டமான பகல்கூட அதைவிடப் பல மடங்கு.

---

ஐம்பது ஹெர்ட்ஸ்

நாடித்துடிப்பு சொன்ன மருத்துவப் பகுதியை மறுக்கவில்லை. ஆனால் நிரந்தரக் குளிர்கால நேரத்தை ரஷ்யா கொண்டாடியது போல் எழுதியிருக்கிறீர்கள். 2016-இல் சராத்தொவ், அல்தாய், தோம்ஸ்க், நொவொசிபிர்ஸ்க் உள்ளிட்ட பல பகுதிகள் ஒரு மணி முன்னுக்குப் போயின, மாலை சீக்கிரம் இருட்டுகிறது என்று. வோல்கோகிராத் 2018 அக்டோபரில் முன்னுக்குப் போய், 2020 டிசம்பரில் மறுபடி பின்னுக்கு வந்தது. 50 பாகை அட்சத்தில் பகல் நீளம் 8 மணிக்கும் 16 மணிக்கும் இடையே ஆடுகிறது. ஒரே கடிகாரம் இரண்டு முனைக்கும் பொருந்தாது. ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றுவது அழகில்லைதான். ஆனாலும் டிசம்பரில் 8:15, ஜூனில் 4:43 என்று இரண்டையும் தாங்கக்கூடிய அளவில் வைப்பது அந்த மாற்றம்தான். என்னைக் கேட்டால், இந்த அட்சத்தில் வைத்துக்கொள்வதே மேல்.

"மின்சாரம் மிச்சமாகிறது" என்ற வாதத்தை மட்டும் கைவிடுங்கள். 1916 ஏப்ரல் 30-இல் ஜெர்மனி முதன்முதலாக நாடு முழுக்க இதைக் கொண்டுவந்தபோது அது போர்க்கால எரிபொருள் கணக்கு. இன்றைய வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோடை நேரம் 30 வாரம், 210 நாள் (சில ஆண்டு 31 வாரம்). நான்கு குண்டு பல்ப், ஒவ்வொன்றும் 60 வாட், தினமும் ஒரு மணி மிச்சம் என்று தாராளமாக வைத்தாலும் ஆண்டுக்கு 50 யூனிட். அதே இடத்தில் 8 வாட் எல்இடி என்றால் 7 யூனிட்கூட இல்லை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் காலையில் ஒரு மணி முன்பே ஹீட்டர் ஓடினால் அந்த ஏழும் போய்விடும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 2006-இல் முழுவதும் கோடை நேரத்துக்கு மாறியபோது வீட்டு மின்செலவு சுமார் 1 சதவீதம் ஏறியது. விளக்கில் மிச்சமானதை ஏசியும் ஹீட்டரும் தின்றன. ஜெர்மன் நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 2016-இல் கொடுத்த அறிக்கையும் சேமிப்பு இருந்தாலும் அற்பம் என்றே முடித்தது.

ஆனால் பழைய காரணம் போய்ப் புதிய காரணம் ஒன்று வந்திருக்கிறது: கூரைச் சூரியத் தகடு. வீடுகளின் மாலைச் சுமை கடிகாரத்தைப் பின்பற்றுகிறது, தகடு சூரியனைப் பின்பற்றுகிறது. கோடை நேரத்தில் மாலை 6 மணிச் சமையல் உண்மையில் சூரியக் கணக்கில் 5 மணிச் சமையல். தகட்டில் இன்னும் உற்பத்தி இருக்கிறது. குளிர்கால நேரத்தில் நின்றால் அந்தச் சுமை ஒரு மணி பிந்தி, தகடு ஓய்ந்த பிறகு வந்து சேரும். அதை பேட்டரியோ எரிவாயு நிலையமோ ஏற்க வேண்டும்.

மாலை வெளிச்சத்துக்கு வேறு பலனும் உண்டு. அமெரிக்கத் தரவில், வசந்தகால மாற்றத்துக்குப் பின் வழிப்பறி 7 சதவீதம் குறைந்தது.

மின்சந்தைக்காரர்களின் தலைவலியும் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாற்ற நாளுக்கு 23 மணி, அக்டோபர் நாளுக்கு 25. கால் மணிக் கணக்கில் வழக்கமான 96 கட்டங்கள் 92 ஆகவும் 100 ஆகவும் மாறும். மீட்டர் தரவை 24 நெடுவரிசை உள்ள விரிதாளில் போடுபவர்களுக்கு அக்டோபரில் இரண்டாவது "2 மணி" முதலாவதை அழித்துவிடும். கூட்டுத்தொகை அந்த ஒரு மணி அளவுக்குக் குறைந்து வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

---

இரண்டு-ஏ

பணிப்பட்டியல் கேள்விக்கு வருகிறேன். ஜெர்மன் சட்டப்படியே எழுதுகிறேன். உங்கள் ஒப்பந்தத்தில் வேறு விதி இருந்தால் அதையும் சேர்த்துப் படியுங்கள்.

இரவுப் பணி 22:00 முதல் 6:00 வரை என்றால் மார்ச்சில் உண்மையில் கழிவது 7 மணி, அக்டோபரில் 9 மணி. பட்டியலில் 8 என்று எழுதி அப்படியே விடுவதுதான் முதல் தவறு. அக்டோபரின் கூடுதல் மணி வேலை நேரம்தான். கணக்கில் ஏற்ற வேண்டும். இரவு, ஞாயிறு கூடுதல் தொகைகளும் அதற்கு உண்டா என்று ஊதியப் பிரிவிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது தவறு உச்ச வரம்பு. இடைவேளை நீங்கலாக ஒரு நாளைக்கு 10 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. வழக்கமாக 9 மணி 30 நிமிடம் வேலை வரும் நீண்ட இரவுப் பணி அக்டோபரில் 10 மணி 30 நிமிடம் ஆகிவிடும். காலைப் பணிக்காரரை ஒரு மணி முன்னதாக வரச் சொல்லி இரவுப் பணியைச் சுருக்குவதே சுலபமான வழி. இடைவேளையும் அப்படித்தான்: வேலை நேரம் 9 மணியைத் தாண்டினால் 30 நிமிடம் போதாது, 45 வேண்டும். 21:30 முதல் 6:30 வரையுள்ள பணி சாதாரண நாளில் 30 நிமிடத்தில் அடங்கும். அக்டோபர் இரவில் அடங்காது.

மூன்றாவது, கண்ணில் படாதது: மார்ச்சில் ஓய்வு நேரம். சனி இரவு 20:00-க்கு முடித்து ஞாயிறு காலை 7:00-க்கு வருபவருக்குத் தாளில் 11 மணி ஓய்வு இருக்கும், உண்மையில் 10 மணிதான். பராமரிப்பு இல்லங்கள் ஓய்வை ஒரு மணி வரை குறைத்து வேறொரு நாளில் ஈடுசெய்யச் சட்டம் இடம் தருகிறது. அந்த ஈட்டைப் பட்டியலில் காட்டினால்தான் செல்லும். 20:30-க்கு முடிப்பவரை 7:00-க்குப் போடவே வேண்டாம். அங்கே 9 மணி 30 நிமிடம்தான் மிஞ்சும்.

பதிவேட்டில், அக்டோபரில் 2 முதல் 3 வரை உள்ள மணி இரண்டு முறை வரும். முதலாவதை 2ஏ என்றும் இரண்டாவதை 2பி என்றும் எழுதுவது ஜெர்மன் விதிமுறையிலேயே உள்ள வழக்கம். "2ஏ:40 விழுந்தார், 2பி:10 மருத்துவர் வந்தார்" என்று எழுதினால் யாரும் குழம்பமாட்டார்கள். ஏ, பி இல்லாமல் எழுதினால் விழுவதற்கு முன்பே மருத்துவர் வந்ததாகத் தாள் சொல்லும். மென்பொருள் ஏ, பி ஏற்காவிட்டால் குறிப்புப் பகுதியில் எழுதுங்கள்.

மருந்து: பெரும்பாலான மாத்திரைகளுக்கு ஒரு மணி வித்தியாசம் பொருட்டல்ல, புதிய கடிகாரப்படி கொடுத்தால் போதும். ஆறு மணிக்கொரு முறை போகும் ஆண்டிபயாடிக் இடைவெளி மார்ச்சில் 5 ஆகவும் அக்டோபரில் 7 ஆகவும் வரும். அதை எப்படி வைப்பது என்று வெள்ளிக்கிழமைக்குள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். பார்கின்சன் நோய்க்கான லெவோடோபா எடுப்பவர்களுக்கு இடைவெளி நீண்டால் உடல் விறைப்பு திரும்பும், அவர்களையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். இன்சுலின் பம்ப் தன் உள்கடிகாரப்படியே அளவை மாற்றும், அதைக் கையால் திருத்த வேண்டும். திரவக் கணக்கில் அக்டோபர் நாள் 25 மணி: மணிக்கு 60 மில்லி ஓடும் டிரிப் 1,440-க்குப் பதில் 1,500 காட்டும். அது பிழையல்ல.

---

காலைவெயில்

மிக்க நன்றி தோழர். 20:30 கணக்கு எங்கள் பட்டியலிலேயே இருக்கிறது, திருத்துகிறேன். கணினிப் பகுதிக்கு யாராவது?

---

சுழியம் யுடிசி

நேர மண்டல விதிகளின் பொதுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. லினக்ஸ், ஆண்ட்ராய்ட், ஆப்பிள், தரவுத்தளங்கள் எல்லாம் அதைத்தான் படிக்கின்றன. விண்டோஸ் தனக்கென ஒன்று வைத்திருக்கிறது. ஒரு அரசு விதியை மாற்றினால் அந்தப் பட்டியல் திருத்தப்பட வேண்டும், பிறகு அது ஒவ்வொரு கருவிக்கும் போய்ச் சேர வேண்டும். அதனால் நிறுத்துவதா வேண்டாமா என்பதைவிட எத்தனை மாத முன்னறிவிப்பு என்பதுதான் எங்களுக்கு முக்கியம். குறைந்தது ஓராண்டு வேண்டும்.

முன்னறிவிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? தேர்தலுக்காகத் துருக்கி 2015-இல் மாற்றத்தை இரண்டு வாரம் தள்ளிவைத்தது. கைபேசிகள் பழைய தேதியிலேயே தானாக மாறிக்கொண்டன. மொராக்கோ 2018-இல், கடிகாரம் பின்னுக்குப் போக இரண்டு நாள் இருக்கையில் போகாது என்று அறிவித்தது. 2023 மார்ச்சில் லெபனான் கடைசி நேரத்தில் கோடை நேரத்தைத் தள்ளிவைக்க, சில நிறுவனங்கள் கீழ்ப்படிந்தன, சில மறுத்தன. சில நாட்களுக்கு ஒரே நாட்டில் இரண்டு நேரம் ஓடியது. அரசு முடிவைத் திரும்பப் பெற்றது.

உங்கள் இல்லத்து மென்பொருளில் பார்க்க வேண்டியவை. நேர மண்டலம் "ஐரோப்பா/பெர்லின்" என்று பெயரால் அமைந்திருக்க வேண்டும். "+1" (யுடிசியைவிட ஒரு மணி கூடுதல்) என்று எண்ணால் அமைந்திருந்தால் அது எந்த விதியையும் அறியாது. நடந்து முடிந்ததை யுடிசியில் சேமிக்கலாம். வரப்போகும் சந்திப்பை யுடிசியில் மட்டும் சேமிப்பது தவறு. அடுத்த ஆண்டு ஜூன் 10, காலை 9 மணி என்று பதிந்தது இன்றைய விதிப்படி யுடிசி 7 ஆகச் சேமிக்கப்படும். இடையில் விதி மாறிக் குளிர்கால நேரம் நிரந்தரமானால் திரையில் 8 மணி என்று காட்டும். உள்ளூர் நேரம், மண்டலப் பெயர் இரண்டையும் சேர்த்து வைப்பதே வழி. இரவு 2-க்கும் 3-க்கும் இடையே தானியங்கும் வேலை எதையும் வைக்காதீர்கள். மார்ச்சில் 2:30 என்ற நேரமே கிடையாது, அக்டோபரில் இரண்டு முறை வரும். காப்பு நகல் எடுப்பதை 1:15-க்கு நகர்த்துங்கள்.

சென்னை அலுவலகத்தோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு சேதி. ஜெர்மனிக்கும் இந்தியாவுக்கும் இடைவெளி குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை. அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறுவதால், வசந்தத்தில் இரண்டு மூன்று வாரமும் இலையுதிர்காலத்தில் ஒரு வாரமும் மூன்று நாட்டுக் கூட்டங்கள் இடறும். அழைப்பை எந்த ஊர் நேரத்தில் உருவாக்கினீர்களோ அந்த ஊர் நகராது, மற்றவர்கள்தான் நகர்வார்கள்.

---

வன்னிக்காற்று

ஒரு நாட்டுக்குள் இரண்டு நேரம் எண்டால் லெபனான்வரை போகத் தேவையில்லை. இலங்கையில 1996 மே மாசம் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி +6:30 ஆக்கினவை. ஒக்டோபர் 26-இல் அரை மணித்தியாலம் குறைச்சு +6:00. அது 2006 ஏப்ரல் 15 வரைக்கும் நிண்டுது. பிறகு பழையபடி +5:30. விடுதலைப் புலிகளின்ர கட்டுப்பாட்டுப் பகுதியில அந்தப் பத்து வருசமும் +5:30 தான். சோதனைச் சாவடி தாண்டினா அரை மணித்தியாலம் மாறும்.

இதைச் சொல்லுறதுக்குக் காரணம் சாதகம். அந்தக் காலத்தில பிறந்த பிள்ளையளுக்குச் சாதகம் கணிக்கேக்க மென்பொருள் "கொழும்பு" எண்டு போட்டால் +6:00 எண்டு எடுக்கும். வன்னியில பிறந்த பிள்ளைக்கு அது அரை மணித்தியாலம் பிழை. லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாறுறதால, நாலு பேரில ஒருத்தருக்கு லக்கினமே மாறிப்போகலாம். எந்த இடத்து நேரம் எண்டு தாய் தகப்பனைக் கேட்டு, +5:30 ஐக் கையால குடுங்கோ. ஜெர்மனியில கோடையில பிறந்த பிள்ளைக்கு +2:00, குளிருக்குள்ள பிறந்தால் +1:00.

நாட்காட்டியில இருக்கிற ராகு காலமும் அப்பிடித்தான். ஞாயிறு 4:30 முதல் 6 எண்டுறது 6 மணிக்கு விடிஞ்சு 6 மணிக்கு இருளுற ஊருக்கு. பகலை எட்டாப் பிரிச்சு ஞாயிறுக்குக் கடைசிப் பங்கு. பெர்லினில யூன் 21-ஐ ஒட்டின ஞாயிறில ஒரு பங்கு 2 மணி 6 நிமிசம். ராகு காலம் 19:27-இல தொடங்கி 21:33-இல முடியும்.

---

கிழக்குத்தீர்க்கம்

வன்னிக்காற்று, அந்த அரை மணி வித்தியாசம் நேர மண்டலப் பட்டியலில் தனி மண்டலமாக இல்லை, அதனால் நீங்கள் சொன்ன கைத்திருத்தம் மட்டுமே வழி. நிரந்தரமாக முன் நகர்ந்த ஊர் ஒன்றைத் தமிழர்கள் தினமும் பார்க்கிறார்கள்: சிங்கப்பூர். 1982 தொடக்கத்தில் +7:30-இலிருந்து +8:00 ஆனது. தீர்க்கரேகைப்படி அது ஏழு மணி மண்டலம். அங்கே காலை 7 மணியை ஒட்டியே விடிகிறது. நிலநடுக்கோட்டருகே பகல் நீளம் மாறாததால் ஆண்டு முழுக்க ஒரே அளவு இழப்பு, பழகிவிடும். அதைக் காட்டி பெர்லினுக்கு வாதாட முடியாது.

---

ஐம்பது ஹெர்ட்ஸ்

கருவிகள் பற்றிய கடைசிக் கேள்வி விடுபட்டுவிட்டது. ரேடியோ சுவர்க் கடிகாரம் பிராங்க்பர்ட் அருகே மைன்ஃபிளிங்கனிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் வரும் டிசிஎஃப்77 சமிக்ஞையைக் கேட்கிறது. கோடையா குளிரா என்பது அந்தச் சமிக்ஞையிலேயே இரண்டு பிட்டாக வருகிறது. மாற்றத்துக்கு ஒரு மணி முன்பே அறிவிப்புப் பிட்டும் வரும். அதனால் மாற்றத்தை நிறுத்தினால் அந்தக் கடிகாரங்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். தொல்லை தருபவை தேதியை வைத்துத் தானே கணக்கிடுபவை: ஹீட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டி, சில ஓவன்கள், கதவு நேரச் சுவிட்ச், பழைய கார், கேமரா. அவற்றில் "தானியங்கு கோடை நேரம்" என்ற அமைப்பைத் தேடி அணைக்க வேண்டும். கொதிகலன் அறையில் இருக்கும் பெட்டியை மறந்தால் அடுத்த மாற்றத் தேதி வந்ததும் வெந்நீர் ஒரு மணி முந்தியோ பிந்தியோ வரும்.

ஞாயிறு காலை ரேடியோ கடிகாரம் மாறாமல் நின்றால்: எல்இடி விளக்கு, கணினி, இரும்பு அலமாரி இவற்றிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, ஜன்னலருகே வையுங்கள். பேட்டரி 1.5 வோல்ட் சாதாரண வகையாக இருக்கட்டும், 1.2 வோல்ட் ரீசார்ஜ் வகையில் சில கடிகாரங்களின் ஏற்பி சரியாக எழாது. பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் கழித்துப் போட்டு ஒரு இரவு விட்டுவிடுங்கள். ஏற்பு இரவில்தான் நன்றாக இருக்கும்.